சங்கிலி இல்லாத ஏழு நாய்களும் ஒரு கடமானும்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி, கால்நடை மருத்துவரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்துச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 58. ஆசிரியைப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறு வீடு. கணவர் கோவையில் கடை வைத்திருக்கிறார், சனி ஞாயிறில்தான் மலையேறுவார். துணைக்கு இரண்டு நாய்கள்: மூன்று வயதுச் சிப்பிப்பாறைக் கலப்பு ஒன்று, பத்து வயது லாப்ரடார் ஒன்று. காலை ஆறு மணிக்கெல்லாம் இரண்டையும் கூட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்து, சோலைக்காட்டின் விளிம்பு வரை போய்த் திரும்புவது வழக்கம். சால்வைக்குள் பிஸ்கட் பாக்கெட் இருப்பது தெரிந்ததும் தெருநாய்கள் ஐந்து வந்து சேர்ந்துகொண்டன. ஆக ஏழு. எதற்கும் சங்கிலி கிடையாது. "மார்கழிப் பனியில் புல்நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும்போது ஏழும் எனக்கு முன்னும் பின்னும் ஓடி வரும். படையோடு போகும் ராணியைப் போல இருக்கும் டாக்டர்" என்று எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் ஒருநாள் தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் கடமான் எழுந்து ஓடியிருக்கிறது. சிப்பிப்பாறை பாய்ந்தது, மற்றவை தொடர்ந்தன. கூப்பிட்டும் எதுவும் திரும்பவில்லை. சரிவில் விரட்டிக்கொண்டு போய் எஸ்டேட்டின் முள்கம்பி வேலியில் மோதவிட்டிருக்கின்றன. கடமான் ரத்தக் காயத்தோடு கம்பியைப் பிய்த்துக்கொண்டு சோலைக்குள் ஓடிவிட்டது. எஸ்டேட் வாட்சர், "இன்னொரு தடவை பார்த்தால் ரேஞ்சரிடம் சொல்லிவிடுவேன்" என்று எச்சரித்தார். சிப்பிப்பாறை பின்தொடையில் கிழிசலோடு திரும்பியது. அடுத்த வாரம் தெருநாய்களில் ஒன்று காணாமல் போனது. சிறுத்தை அடித்துவிட்டது என்கிறார்கள் ஊரில்.

அவர் கேட்பவை இவை. ஏழு நாய் இருந்தால் எனக்குப் பாதுகாப்புதானே? மான் தப்பித்துவிட்டது, தெருநாய்கள் என்னுடையவை அல்ல, இதில் என் குற்றம் என்ன? குளிருக்கு ஸ்வெட்டர் போடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல ஒரு மூடி பிராந்தி கொடுக்கலாமா? லாப்ரடாருக்குக் காலையில் பின்னங்கால் விறைக்கிறதே, ஏன்? கடைசியாக: "எல்லாவற்றையும் ஏதாவது காப்பகத்தில் விட்டுவிட்டு அப்பாவோடு கோவையில் இரு என்கிறாள் மகள். நடையை நிறுத்திவிட வேண்டியதுதானா?"

அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவசரம்.

முதலில் அந்தக் காயம்

நீங்கள் அனுப்பிய படத்தில் கிழிசல் நான்கு விரல் நீளம் இருக்கிறது. ஓரங்கள் நேராக இருப்பதால் முள்கம்பி கிழித்ததாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் கீழே தனியாக இரண்டு சிறு துளைகள் தெரிகின்றன. அவை கம்பி முள்ளாலும் வந்திருக்கலாம், பல் பட்டும் வந்திருக்கலாம். ஏழு நாய்கள் வெறியோடு ஓடும்போது ஒன்றையொன்று கடித்துக்கொள்வது சாதாரணம். உங்கள் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியவில்லை. எனவே இதைக் கடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறைக்கு ஆண்டு ஊசி முறையாகப் போட்டிருந்தாலும் ரேபிஸ் ஊக்க ஊசி ஒன்று உடனே போட வேண்டும். 45 நாள் அதைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

இன்னொன்று. காயத்தை வெறும் கையால் கழுவி, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். அதே பத்தியில், பனியில் விரல்களெல்லாம் வெடித்திருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெடிப்பு வழியாக எச்சில் உடலுக்குள் போக வாய்ப்பு குறைவுதான், ஆனால் ரேபிஸில் "குறைவு" என்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள், அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். இத்தனை நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இனி எப்போது பல்லோ எச்சிலோ பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை.

மஞ்சள் பற்று திறந்த காயத்தில் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, மேலே எதுவும் பூசாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஏழு நாய்கள் காவலா?

இல்லை. எஸ்டேட் குடியிருப்புகளில் பலரும் உங்களைப் போலத்தான் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது.

சிறுத்தைக்கு நாய் எதிரி அல்ல, இரை. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற விவசாயப் பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தபோது, அவை தின்ற இறைச்சியில் எடைக் கணக்கில் 39 சதவீதம் நாயாக இருந்தது. ஆடு மாட்டைவிட அதிகம். சிறுத்தை வாழும் இடத்தில், அது நடமாடும் வேளையில், ஏழு நாய்கள் குரைத்துக்கொண்டு போவது அதைத் துரத்தாது. வேண்டுமானால் அன்றைக்கு ஒதுங்கி நிற்கும். பிறகு பின்தங்கிய ஒன்றை எடுத்துக்கொள்ளும். காணாமல் போன உங்கள் நாய்க்கு என்ன ஆனது என்று நான் சொல்ல முடியாது. ஊர்க்காரர்களின் ஊகம் நடக்க முடியாதது அல்ல.

காட்டெருமையும் கரடியும் வேறு வகைத் தொல்லை. உங்கள் பக்கத்தில் இரண்டும் தேயிலைக்குள் வந்து போகின்றன. தனியாகத் திரியும் ஆண் காட்டெருமை, அமைதியாக ஒதுங்கிப் போகும் மனிதரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. நாய் குரைத்தால் கதை மாறிவிடும். தலையைத் தாழ்த்தும், மூச்சைச் சீறும், பாயும். பாய்ந்ததும் நாய் எங்கே ஓடும்? உங்களிடம்தான். கரடியிடமும் இதேதான் நடக்கும். மலைப் பகுதியில் வேலை செய்கிற கால்நடை மருத்துவர் யாரைக் கேட்டாலும், நாய் இழுத்து வந்த ஆபத்தில் அடிபட்ட ஒருவரையாவது சொல்வார்.

நாய் கூட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் லாப்ரடார் தனியாக இருந்தால் கடமானைப் பார்த்து இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டு உங்கள் காலடிக்கு வந்துவிடும். பத்து வயதில் அதற்கு வேறு எதற்கும் தெம்பில்லை. ஆனால் சிப்பிப்பாறை பாய்ந்ததும் அதுவும் ஓடியது என்கிறீர்கள். கூட்டத்தில் ஒன்று பாய்ந்தால் மற்றவற்றின் காதில் எஜமானியின் குரல் விழாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்காகவே வளர்க்கப்பட்ட இனங்கள். அதிலும் சிப்பிப்பாறை கண்ணால் கண்டு துரத்தும் நாய். அசைவது எதுவானாலும் அதற்குப் போதும். அதன் பின்னால் ஆறு நாய்களைச் சேர்த்தால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கையில் இருப்பது வேட்டைக்கூட்டம்தான். வெள்ளைக்காரர்கள் ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டை நாய்க் கூட்டங்களை விட்டுக் குதிரையில் பின்தொடர்ந்து நரி வேட்டை ஆடினார்கள். அவர்களாவது அதை வேட்டை என்று சொல்லிக்கொண்டுதான் போனார்கள்!

"தப்பித்து ஓடிவிட்டது" என்பது பற்றி

இதைச் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரும். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

விரட்டப்பட்ட மான் வகை விலங்குகள், உடலில் ஒரு பல்கூடப் படாமல் தப்பித்தாலும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துபோகலாம். உயிர்ப்பயத்தில் வரம்பு மீறி ஓடும்போது தசைகளில் அமிலம் தேங்கி, தசை இழைகள் சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையிலிருந்து கசியும் பொருள்கள் சிறுநீரகத்தை அடைக்கின்றன, இதயத்தையும் தாக்குகின்றன. மயக்க ஊசி போட்டு மானைப் பிடிக்கிற வன கால்நடை மருத்துவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அதனால்தான் துரத்துகிற நேரத்தை முடிந்தவரை குறைப்பார்கள், கண்ணைக் கட்டுவார்கள், பேச்சுச் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கடமான் சரிவில் ஓடி, வேலியில் மாட்டி, காயத்தோடு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. அது பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள இப்போது வழியில்லை. அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லியிருந்தால் ஆள் அனுப்பித் தேடியிருப்பார்கள். இனி அப்படி ஒன்று நடந்தால் நீங்களே போய்த் தொடவோ மருந்து போடவோ வேண்டாம். நாய்களைக் கட்டிவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வழியிலும் நாய் காட்டுக்குத் தீங்கு செய்கிறது. டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் தடுப்பூசி போடாத நாய்களிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நாயோடு நிற்பதில்லை. செந்நாய், நரி, மரநாய், சிறுத்தை எல்லாவற்றையும் பிடிக்கும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றிடம் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நீலகிரியில் சிங்கம் இல்லை, செந்நாய் இருக்கிறது. அது உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு. ஆகவே ரேபிஸ் ஊசி மட்டும் போட்டுவிட்டுத் தடுப்பூசி போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ என்ற மூன்று நோய்களையும் தடுக்கும் கூட்டு ஊசியையும் வீட்டு நாய்களுக்குப் போட்டு வாருங்கள். ஓடைத் தண்ணீரை நக்குகிற நாய்க்கு லெப்டோ மிக முக்கியம், அது மனிதருக்கும் தொற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர் அல்ல. வனத்துறையிலிருந்து நோட்டீஸ் ஏதும் வந்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். இந்த வேலையில் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, பொறி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டை என்ற வரையறைக்குள் வருகின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணையில் உள்ள விலங்கானால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு.

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். நடந்துபோகும்போது நாய் எதிர்பாராமல் ஓடியதற்காக ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையை வேட்டைக்காரி என்று யாரும் சிறையில் தள்ளப்போவதில்லை. ஆனால் வாட்சர் எச்சரித்த பிறகும் அதே பாதையில், அதே நாய்க் கூட்டத்தோடு, அதே மாதிரி நடந்தால், "எதிர்பாராமல்" என்று சொல்ல முடியாமல் போய்விடும். சோலை காப்புக்காடாக இருந்தால் அனுமதியின்றி உள்ளே போவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். எல்லை எங்கே என்று பாதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாட்சருக்குத் தெரியும், அவரையே கேளுங்கள். அவர் உங்களை மிரட்டவில்லை அம்மா. முதல் தடவையே ரேஞ்சரிடம் போயிருக்கலாம், போகவில்லை.

நாய் வழியில் போகும் யாரையாவது கடித்தால் அது வேறு கணக்கு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கைக் கவனக்குறைவாக விட்டு மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. காலை ஷிப்டுக்கு வரும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதே பாதையில்தான் வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் இரண்டு பேர் உங்கள் நாய்களைக் கண்டால் வேறு வழியில் சுற்றிப் போகிறார்கள் என்பதை ஒரு வேடிக்கையைப் போலச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

பின்னாலேயே வரும் அந்த நான்கு

"தெருநாய்கள் என்னுடையவை அல்ல." உடைமை என்று பார்த்தால் சரிதான். ஆனால் அவை தானாக அந்தச் சோலைக்குப் போகவில்லை. பிஸ்கட்டைக் காட்டி அழைத்துப்போனது நீங்கள். கையில் தீனி வைத்துக் கூட்டிப்போன கூட்டம் செய்ததற்கு "என்னுடையதல்ல" என்ற பதில் ரேஞ்சரிடம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவற்றுக்கும் இந்த நடையால் நன்மை இல்லை. தெருநாய்க்கு அதன் தெருதான் கோட்டை. அதைத் தாண்டி அழைத்துப்போனால் அடுத்த லைன் வீட்டு நாய்களோடு சண்டை வரும். தேயிலைக்குள்ளும் காட்டோரத்திலும் காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிகள் இருக்கும். தீனிக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் இருக்கும். இறைச்சி வாசனையில் அதைக் கவ்விய நாயின் தாடையை நான் ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை. களைக்கொல்லி தெளித்த மறுநாள் புல்லைத் தின்றுவிட்டு வாந்தியோடு வரும் நாய்கள் தனி.

பிஸ்கட்டை நடையோடு முடிச்சுப் போடாதீர்கள். அதுதான் இதில் முக்கியம். நடைக்குப் பிறகு, பத்து மணிக்கு மேல், அவற்றின் தெருவிலேயே, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரே இடத்தில் தீனி வையுங்கள். பிஸ்கட்டைவிடச் சோறும் முட்டையும் நல்லது. பத்துப் பதினைந்து நாளில் அவற்றின் கடிகாரம் மாறிவிடும். அதுவரை நடைக்குப் பின்வாசலையோ வேறு நேரத்தையோ பயன்படுத்துங்கள். பிறகு நான்கையும் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அது. பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நீலகிரியில் இதைச் செய்கிற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. நீங்கள் கையால் தொட்டால் அவை நிற்கும் என்பதால் பிடிக்க வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

குளிர், ஸ்வெட்டர், பிராந்தி

பிராந்தி வேண்டவே வேண்டாம். சாராயம் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்யும். உடம்பு சூடானதுபோலத் தோன்றும், உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். மனிதருக்கே அப்படி. நாயின் எடைக்கு ஒரு மூடி என்பது நஞ்சு. பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, அந்த மூடியை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்வெட்டர் சிப்பிப்பாறைக்குத் தேவை. மெல்லிய தோல், குட்டை முடி, உடம்பில் கொழுப்பே இல்லை. சமவெளி வெயிலுக்கு ஏற்ற நாய் அது. வீட்டில் படுத்திருக்கும்போதும் மெதுவாக நடக்கும்போதும் போடுங்கள். பனியில் நனைந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். ஈரக் கம்பளி, ஒன்றும் போடாததைவிட மோசம். லாப்ரடாருக்கு முடியே போதும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நடுங்கத் தொடங்கி, பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கி, நடை தளர்ந்தால் குளிர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். துவட்டி, கம்பளியில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் பொதிந்து வயிற்றோடு வையுங்கள். அடுப்புக்கு அருகே கிடத்த வேண்டாம், குளிரில் மரத்த தோல் சுட்டாலும் அதற்குத் தெரியாது.

"குளிரில் உண்ணி இருக்காதே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மழை ஓய்ந்து புல் வளர்ந்து நிற்கிற இந்த மாதங்களில்தான் கடுகளவு உண்ணிக் குஞ்சுகள் புல்நுனியில் காத்திருக்கும். திரும்பி வந்ததும் காதுமடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் கீழே என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டுப்புல் விதையும் அங்கேதான் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். எடைக்கு ஏற்ற உண்ணி மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போன பிறகு கொண்டுவரும் நாய்களைக் காப்பாற்றுவது கடினம்.

நடையை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். மகள் சொல்வதில் உள்ள கவலை நியாயமானது, முடிவு நியாயமானதாக எனக்குப் படவில்லை. பத்து வயது லாப்ரடாரைக் காப்பகத்தில் விட்டால் அது அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், சொல்ல விரும்பவில்லை. நீங்களும் இந்த நடை இல்லாவிட்டால் வாரத்தில் ஐந்து நாள் யாரோடும் பேசாமல் இருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாற்ற வேண்டியது நடையின் முறையை மட்டும்தான். மகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.

இரண்டு நாய், இரண்டு சங்கிலி, அவ்வளவுதான். சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட ஒடுக்கம். சாதாரணப் பட்டையைப் பின்வாங்கி உருவிக்கொண்டு ஓடிவிடும், ஆகவே மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்குங்கள். சங்கிலி ஆறடிக்கு மேல் வேண்டாம். பட்டனை அழுத்தினால் நீளும் வகை மலைப்பாதைக்கு ஆகாது. சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். காட்டெருமை உண்மையிலேயே பாய்ந்து வந்தால், சங்கிலியை விட்டுவிட்டு மரத்துக்கோ மதிலுக்கோ பின்னால் போவதுதான் உங்கள் வேலை. சிறுத்தையைக் கண்டால் அதற்கு நேர்மாறு: ஓடக் கூடாது, நாய்களை ஒட்டி இழுத்துப் பிடித்து, கையை உயர்த்தி, சத்தம் போட்டபடி முகத்தைத் திருப்பாமல் பின்வாங்க வேண்டும்.

ஆறு மணி வேண்டாம். ஜனவரியில் அந்நேரம் உங்கள் ஊரில் இன்னும் இருட்டு. சிறுத்தையும் காட்டெருமையும் வீடு திரும்பும் வேளை அது. மூடுபனியில் வளைவில் வரும் ஜீப்புக்கு நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். எட்டு மணிக்குமேல் வெயில் ஏறியதும் புறப்படுங்கள், மாலையில் ஐந்துக்குள் வீடு வந்துவிடுங்கள். வயிறு முட்டத் தின்ற நாயை ஓடவிடாதீர்கள், பெரிய மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். திரும்பி அரைமணி நேரம் கழித்துச் சோறு வையுங்கள்.

சோலை விளிம்பு வரை போக வேண்டாம் என்பேன். சங்கிலி கட்டினாலுமா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே காட்டுப்பாதைகளில் நடந்து, 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், சங்கிலியில் கட்டிய நாயோடு மனிதர் நடந்துபோன பாதைகளில் காணப்பட்ட பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதம் குறைந்திருந்தது. நாய் வருவதே போதும் அவற்றுக்கு. எஸ்டேட்டின் வண்டிப்பாதை நாய்களுக்கு, சோலை விளிம்பு உங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் நாய்களை வீட்டில் கட்டிவிட்டு, அனுமதி உள்ள இடம் வரை, வாட்சரின் மனைவியையோ வேறு யாரையோ துணைக்கு வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கொல்லையில் கூவும் காட்டுக்கோழியைத் தவிர வேறு ஒரு பறவைகூட உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இல்லை. காஷ்மீரில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க இலங்கைக்கும் நீலகிரிச் சோலைகளுக்கும் வருகிறது. குருவியளவுதான் இருக்கும். ஏழு நாய்க்கு முன்னால் அது எப்படி உங்கள் கண்ணில் படும்?

லாப்ரடார் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காலையில் எழுந்ததும் பின்னங்கால் விறைத்து, பத்தடி நடந்த பிறகு சரியாவது மூட்டுத் தேய்மானம். பனியில் அது கூடும். தரையில் படுக்கவிடாமல் சாக்கு மேல் பழைய மெத்தையைப் போடுங்கள். எடை 40 கிலோ என்கிறீர்கள், ஆறேழு கிலோவாவது குறைய வேண்டும். சமதளத்தில் இருபது நிமிடம் போதும் அதற்கு, சரிவு வேண்டாம். மனிதர் தின்னும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால், புரூஃபன் இரண்டும் நாயின் ஈரலையும் குடலையும் கெடுக்கும். சிப்பிப்பாறையின் காயத்தைக் காட்டப் போகும்போது இதையும் கூடவே அழைத்துப்போங்கள். ஒரே ஜீப் வாடகையில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.